இடது பக்க மூக்குத்தி

போட்டோ ஸ்டூடியோவில் முகத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற எல்லோருக்கும், படத்தைக் கையில் வாங்கும்போது ஒரு சந்தேகம் வரும்: இது நான் கொடுத்த முகம்தானா? சிவகாசியில் இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சந்தேகத்தின் நடுவில் உட்கார்ந்துதான் நான் பிழைக்கிறேன். நீங்களும் உங்கள் வாக்காளர் அட்டையைக் கவிழ்த்து நீட்டுகிற கட்சிதான் என்பது எனக்குத் தெரியும். அதனால் என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். உங்கள் பாடு எனக்குப் புரிவதற்குத்தான் இத்தனை வருஷம் ஆனது.

அண்ணன் ஜாடை

வெம்பக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காகப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். மீசையைத் தடவிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, வரப்புத் தகராறுக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் கேமராவை முறைத்தார். "கொஞ்சம் சாதாரணமா இருங்கய்யா" என்றேன். "சாதாரணமாத்தான இருக்கேன்" என்றார்.

படத்தைக் கொடுத்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். அப்புறம் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு யாருடைய படத்தையோ தலையில் கட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். சட்டை உங்களுடையது, மீசை உங்களுடையது, காதோரத்துத் தழும்பு உங்களுடையது என்று ஒவ்வொன்றாகக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தேன். கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "சட்டை நம்மதுதான் தாயி. மூஞ்சி எங்க அண்ணன் மூஞ்சியால்ல இருக்கு. அவனும் நானும் பேசிப் பதினாறு வருசமாச்சு, அவனை எப்படி நான் துபாய்க்குக் கூட்டிட்டுப் போறது?"

முகம் உள்ளே பார்க்கணும்

என் கடையில் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவர் மாரியப்பன். என்னைவிட எட்டு வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். இங்கே வருவதற்கு முன் ஓர் அச்சகத்தில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தார். லேபிளில் ஒரு முகம் இருந்தால் அது கம்பெனிப் பெயர் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் வாங்க வந்தவன் கண்ணும் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடும் என்பது அங்கே அவர் படித்த பாடம். தப்பான பக்கம் பார்க்கிற முகத்தை, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிவிடுவார். ஒரு தட்டுத் தட்டினால் போதும். எங்கள் பேனர், விளம்பரம், கடையின் இணையப் பக்கம் எல்லாவற்றிலும் அதே பழக்கம்தான்.

ஆனைக்குட்டத்துக்காரர் ஒருவரின் மணிவிழாவுக்குப் பேனர் அடித்தோம். கணவன் மனைவி இருவரும் பெயர் இருக்கும் பக்கம் பார்க்கட்டும் என்று மாரியப்பன் மொத்தமாகத் திருப்பிவிட்டார். அவர் சட்டைப் பை வலது பக்கம் போய்விட்டது. அந்த அம்மாவின் முந்தானையும் வலது தோளுக்கு மாறிவிட்டது. மண்டபத்து வாசலில் கட்டிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். மறுநாளே அந்த அம்மா கடைக்கு வந்து, வைவார்கள் என்று நான் ஒடுங்கி நிற்க, நிதானமாகச் சொன்னார்கள்: "நாப்பது வருசமா இந்த மனுசனை மாத்தணும்னு பாக்கேன், முடியல. நீங்க ஒரே நாள்ல எங்க ரெண்டு பேரையும் மாத்திப்புட்டீகளே!"

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற விஷயம். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

கேட்டில் கிடந்த போன்

பொன்மாரி தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊர்ப் பெண். இருபத்து நான்கு வயது. ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செக்கர். தை மாதம் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கப் பொண்ணு போட்டோ எடுப்பதற்காக. சிரி என்றால் சிரிக்கிற பெண் இல்லை. உள்ளே மாரியப்பன் டீ கிளாஸைக் கைதவறிப் போட்டு உடைத்த சத்தத்தில் சட்டென்று சிரித்துவிட்டாள். அந்த நொடியைப் பிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விருதுநகரில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு குடும்பத்தில் சம்மதம் சொன்னார்கள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவள் தனியாகக் கடைக்கு வந்தாள். கம்பெனி வேனிலிருந்து நேராக இறங்கி வந்திருக்கிறாள். விரலில் லேபிள் பசை காய்ந்திருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும், வேலை முடிந்து டோக்கனைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். அன்றைக்குப் பகலில் எவனோ ஒருவன், பொன்மாரியின் முகத்தை ஏஐயில் போட்டு ஓர் ஆபாசப் படம் செய்து, பேரும் ஊரும் எழுதி ஊர் ஊராகச் சுற்றவிட்டிருக்கிறான். அது கேட்டுப் பெட்டியில் கிடந்த ஒவ்வொரு போனுக்குள்ளும் வந்து விழுந்துகொண்டிருந்தபோது, அவள் உள்ளே பெட்டிகளில் லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் இல்லக்கா. ஆனா மூஞ்சி நீங்க எடுத்த மூஞ்சி. அந்தச் சிரிப்பு நான் வேற எங்கனயும் சிரிக்கல" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. செக்கர் என்பதால் எல்லோரும் வெளியேறிய பிறகுதான் அவள் வர முடியும். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் போனை வாங்குன பெறகு கடைசியாத்தான் நான் வாங்குனேன். அதுக்குள்ள என்னைய அம்புட்டுப் பேரும் பாத்து முடிச்சிட்டாகக்கா."

குடோனுக்குத் தீ

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும் முன்பே அவள் அம்மா வாசலில் நின்றார். போலீசுக்குப் போவோம் என்றேன். கல்யாணம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அப்புறம் அவரே கேட்டார், நான் எடுத்த பொண்ணு போட்டோ யார் யாரிடம் இருக்கிறது என்று. எனக்கு முதலில் தோன்றியது கல்யாணத் தரகர். எத்தனை வீட்டுக்குக் காட்டினாரோ, எத்தனை பேருக்கு அனுப்பினாரோ; பெண் கிடைக்காத வீட்டு வயிற்றெரிச்சல் ஒன்றா இரண்டா?

தரகரைக் கடைக்கு வரச் சொன்னேன். வெற்றிலை வாயோடு வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். போனை எடுத்து மேசையில் வைத்து, பூட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். மூன்று வீட்டுக்குத்தான் அனுப்பியிருந்தார், மூன்றும் அச்சடித்த படத்தின் நகல். நான் விடாமல் குடைந்தேன். கோபப்படவில்லை, குரல்தான் தாழ்ந்தது: "நான் பேசி முடிச்ச கல்யாணத்த நானே கலைப்பேனா? தன் குடோனுக்குத் தானே எவனாச்சும் தீ வப்பானா தாயி?"

டீ குடிக்கப் போன நேரம்

தலை மாற்றுவது எங்கள் தொழிலில் ஒரு மரியாதையான வேலை. குடும்பப் படத்தில் கண் மூடிய தங்கச்சிக்கு இன்னொரு படத்திலிருந்து கண் வைப்போம். வெளிநாட்டில் இருக்கும் மகனை அம்மா பக்கத்தில் நிறுத்துவோம். இறந்துபோன அப்பாவை மகள் கல்யாண மேடையில் மாரியப்பன் நிறுத்திக் கொடுத்த படங்களைக் கட்டிப்பிடித்து அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதே கெட்டிக்காரத்தனம் இப்போது எனக்கு முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. பொன்மாரியின் படம் அவரிடம் இருக்கிறது. தலை மாற்ற அவருக்குக் கை வரும். வேறு யாரைத் தேடுவது?

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. பதினொரு மணிக்கு அவர் டீ குடிக்கப் போனதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். பொங்கல் விழாப் பேனர், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, அவர் சின்ன மகள் வரைந்த ஒரு யானை. பதினைந்து நிமிஷம் தேடியிருப்பேன். திரும்பினால், எனக்கு வாங்கி வந்த டீயை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ. டீயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கேட்டிருந்தா நானே ஒவ்வொண்ணாத் தொறந்து காமிச்சிருப்பேன்ல அக்கா."

டிரெஸ்ஸிங் ரூம் லைட்

நான்காவது நாள் மாப்பிள்ளையின் அம்மா விருதுநகரிலிருந்து வந்துவிட்டார்கள். அவர்கள் போனுக்கும் படம் வந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பேசினால் அக்கம்பக்கம் கேட்கும் என்று பொன்மாரியையும் அவள் அம்மாவையும் என் கடைக்கு வரச் சொன்னார்கள். சத்தம் போடுகிறவர்கள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும் சாப்பிட்டீகளா என்று விசாரித்துவிட்டு, என்னிடம் கேட்டார்கள்: "நீங்க படம் எடுக்குறவுக. இது நெசமா பொய்யான்னு நீங்கதான் சொல்லணும்." இப்போதெல்லாம் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு முகம் கிடைத்தால் போனிலேயே இரண்டு நிமிஷத்தில் செய்துவிடுகிறார்கள் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதை நான் சொல்லும்போது பொன்மாரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது.

அந்த அம்மா நாற்காலியோடு கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்கள். பிறகு, ரொம்ப மரியாதையாக, படத்தில் இடுப்புக்கு மேலே ஒரு மச்சம் இருக்கிறது என்றார்கள். "தப்பா நினைக்காதீக மதினி. நானும் ஒரு பொம்பளதான. உள் ரூம்ல ஒரு நிமிசம் பாத்துட்டா எம்மனசு ஆறிரும். எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு நான் பதில் சொல்லிக்கிருவேன்." பொன்மாரியின் அம்மா, ஐயோ, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகளின் தோளைத் தொட்டு "போத்தா, ஒரு நிமிசந்தான, முடிஞ்சிரும்ல" என்றார். இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் உடை மாற்றுகிற அந்த அறையின் லைட் சுவிட்சை நான் போட்டுவிட்டேன். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை.

பொன்மாரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். மாமியாராக வரவேண்டியவரிடம் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்: "பொய்யை ஊரே பாத்திருச்சு. நெசத்தையாவது யாரும் பாக்காம இருக்கட்டும்."

மூக்குத்தி

மறுநாள் மாரியப்பன் வழக்கம்போல் வந்தார், வழக்கம்போல் உட்கார்ந்தார், பேசத்தான் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை. ஆனால் படம் திருத்துகிற கண் அவருக்குத்தான் உண்டு. பொய் என்று காட்ட முகத்தில் ஏதாவது தடயம் இருந்தால் அவரால்தான் கண்டுபிடிக்க முடியும். மாப்பிள்ளையின் அம்மா அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். பொன்மாரிக்குக் கம்பெனி விடுமுறை. போன் போட்டு, முகத்தை மட்டும் அவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். "மூஞ்சி மட்டும்னா காட்டுங்க" என்றாள். கழுத்துக்குக் கீழே வெள்ளைத் தாளைச் சுற்றி ஒட்டி, போனை என் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினேன்.

பார்த்தவுடனே மூக்குத்தியில் விரலை வைத்துக் காட்டினார், அது இடது பக்கம் இருந்தது. பொன்மாரி எல்லோரையும்போல வலது மூக்கில்தான் குத்தியிருக்கிறாள். தரகருக்குப் போன படத்தில் வலது. அச்சடித்ததில் வலது. கம்ப்யூட்டரில் இருக்கும் மூலப் படத்திலும் வலது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இடது பக்கம் மூக்குத்தி உள்ள பொன்மாரி உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தாள், என் கடையின் இணையப் பக்கத்தில். கல்யாணம் நிச்சயமானதும், அந்தச் சிரிப்பு நல்ல விளம்பரம் என்று நான்தான் போடச் சொன்னேன். முகம் கடைப் பெயரைப் பார்க்கட்டும் என்று மாரியப்பன் திருப்பினார். கீழே 'மணப்பெண் பொன்மாரிக்கு வாழ்த்துகள்' என்று ஊர்ப் பெயரோடு எழுதியதும் நான்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எவனோ எடுத்துக்கொண்டான்.

தரகரைச் சந்தேகப்பட்டேன். எட்டு வருஷம் என்னோடு உழைத்தவரைச் சந்தேகப்பட்டேன். வருகிறவன் போகிறவன் கையிலிருக்கும் போனையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் விளம்பரத்தை மட்டும் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. மாரியப்பன் மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்: "திருப்புனது நான், போட்டது நீங்க. அந்தப் பிள்ளைய ஒரு வார்த்தை கேக்காம விட்டது ரெண்டு பேரும்."

ஒக்காருங்க

அன்றைக்குச் சாயங்காலமே பொன்மாரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பொன்மாரி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகணும்?" என்றாள். அம்மா தடுத்துப் பார்த்தார். நான் கொடுத்த சத்தியத்தை ஞாபகப்படுத்தினார். சத்தியத்தை உடைத்த பாவம் என் தலையிலேயே இருக்கட்டும் என்றேன்.

விருதுநகரில் சைபர் குற்றங்களைப் பார்க்கிற போலீஸ் அதிகாரி ஒரு பெண். மூலப் படம், கடைப் பக்கத்தில் போட்டது, பொய்ப் படத்தின் முகம் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். இது வெளியே தெரிந்தால் எந்தத் தாய் இனி என் கடைக்குப் பெண்ணைக் கூட்டி வருவாள்? ஆனால் மூக்குத்தி எப்படி மாறியது என்று சொல்லாமல் படம் பொய் என்று சொல்ல முடியாது. சொன்னேன். அந்த அதிகாரி மூன்று படத்தையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இங்கன வர்றவுக எல்லாம் அவனைப் புடிங்க, இவனைப் புடிங்கம்பாக. என் கடையில இருந்துதான் போச்சுன்னு சொல்லிட்டு வந்த மொத ஆளு நீங்கதான். ஒக்காருங்க."

சம்பந்தி வந்தார்கள்

படம் பொய் என்று எழுதிப் பதிவானது. சில இடங்களிலிருந்து எடுக்க வைத்தார்கள். செய்தவன் இன்னும் பிடிபடவில்லை. கணக்கு பொய்ப் பெயரில் இருக்கிறது, வெளியூர்க்காரன் என்கிறார்கள். கம்பெனியில் யார் முதலில் அனுப்பினார்கள் என்று விசாரித்தபோது ஒருவர் பாக்கியில்லாமல் "எனக்கு வந்துச்சு" என்றார்களாம். யாருமே அனுப்பாமல் எல்லோருக்கும் வந்திருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போன நாளைத் தவிர பொன்மாரி ஒரு நாள்கூட வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

ஆடி முடிகிற சமயத்தில் மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தார்கள். கையில் பூவும் பழமும். நானும் கூட வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் பொன்மாரி வீட்டுக்குப் போனேன். வேனில் வந்து இறங்கிய பொன்மாரியை அந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மூக்குத்தி விஷயத்தைக் கேள்விப்பட்டதும் நெஞ்சில் இருந்த பாரமே இறங்கிவிட்டது, ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பொன்மாரியின் அம்மா இந்தத் தடவை மகள் தோளைத் தொடவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மாரி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். அந்தக் கல்யாணப் பேச்சு அந்த இடத்தோடு நின்றது: "மூக்குத்தி சொன்னா நம்புறீக. நான் சொன்னா நம்பலயே அத்தே."

எடுக்கவா?

கடையின் இணையப் பக்கத்தை மூட உட்கார்ந்தோம். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எத்தனை பெண்களின் முகத்தைப் பேரோடும் ஊரோடும் நாங்கள் தெருவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று. சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஆசைதான். கூடாது, அவரவருக்குத் தெரிய வேண்டும் என்றார் மாரியப்பன். பழைய பில் புத்தகத்திலிருந்து எண்களை எடுத்து ஒவ்வொருவராக நானே கூப்பிட்டேன். உங்க படம் எங்க பக்கத்துல இருக்கு, எடுத்திரட்டுமா? பாதிப் பேருக்கு மேல், அப்படி ஒரு படம் அங்கே இருப்பதே தெரியாது. சிலர் பதறினார்கள். ஒருத்தி புருஷன் போனைப் பிடுங்கி, நீ யார், எங்கிருந்து பேசுகிறாய், உனக்கு எப்படி இந்த எண் கிடைத்தது என்று கேட்டான். நியாயமான சந்தேகம்தான், பொறுமையாகப் பதில் சொன்னேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் வளைகாப்புப் படம் எடுத்த ஒரு பெண் கடைசியில் கிடைத்தாள். இப்போது அவள் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். மறுபக்கத்தில் குழந்தை எதற்கோ அழுதது, அதை அதட்டினாள். எடுத்துவிடுங்கள் என்றோ இருக்கட்டும் என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்து நான் மௌசைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை: "எடுக்குறதுக்கு இம்புட்டு மரியாதையாக் கேக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, போடும்போது மட்டும் எப்படிக்கா வாய் வராமப் போச்சு?"

இருபத்திரண்டு வருஷமாக வந்தவர்களிடமெல்லாம் "கொஞ்சம் சிரிங்க" என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்ட எனக்கு, "போடலாமா?" என்று இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்பது இத்தனை கஷ்டமான தொழில் என்று யாரும் சொல்லித் தரவில்லை.